அசையாமல் இருக்கவேண்டிய புதன்கிழமை

கண்டி வாவியில் பாய்வள்ளப் போட்டி நடக்கிறது என்று நான் ஊருக்கு எழுதியபோது, "வாத்துகளும் சேர்ந்து ஓடுமோ?" என்று என் தம்பி பதில் போட்டிருந்தான். அவன் கேட்டதில் பிழையில்லை. வாவியைச் சுற்றி ஒருவர் குடை பிடித்துக்கொண்டு ஆறுதலாக நடந்தால், எங்கள் வள்ளங்கள் ஒரு சுற்று முடிப்பதற்குள் அவர் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணியும் குடித்துவிடுவார். நாலு பக்கமும் மலை. காற்று ஏதோ ஒரு இடைவெளியால் உள்ளே வரும், இருக்க இடம் தேடுவதுபோல இரண்டு தரம் சுற்றும், பிறகு போய்விடும். இதற்குள்ளே நாலு வள்ளங்கள் பாய் விரித்து, ஒன்றையொன்று முந்துவதாக நினைத்துக்கொண்டிருக்கும்.

நான் இப்படி எழுதுவது என் கணவருக்குப் பிடிக்காது. ஆனாலும் வாசிப்பார், வாசித்துவிட்டு, அன்றைக்குக் காற்று எந்தப் பக்கத்தால் வந்தது என்று திருத்துவார்.

அவர் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கர். வேலணையில் கடலைப் பார்த்து வளர்ந்தவர். கண்டிக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து இங்கேயுள்ள ஒரேயொரு தண்ணீரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். வாவிக்கரையில் ஒரு சிறிய வள்ளச் சங்கம் இருந்தது. ஓய்வுபெற்ற தோட்டத்துரைமாரும் பறங்கிக் கனவான்களும் தொடங்கியது. பின்னர் எங்கள் ஆட்களிலும் சிலரைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கத்தவர்கள் பலர், வள்ளங்கள் நாலு. அதனால் அங்கே ஒரு விதி இருந்தது: வள்ளம் கிடைத்தவர் புதன்கிழமை ஓட்டத்தில் தொடர்ந்து மூன்று தரம் எல்லைக்கு வந்து சேராவிட்டால், அதை அடுத்தவருக்குக் கொடுத்துவிடவேண்டும். வந்து சேர நேரம் பார்ப்பது மணிக்கூட்டில் அல்ல. நடுவராக இருந்த கிழவர் துரை தன் மணிக்கூட்டை ஒருநாள் தண்ணீருக்குள் விழுத்திவிட்டார். அதற்குப் பிறகு, வாவிக்கரைப் புத்த கோயிலான தலதா மாளிகையில் அந்திப் பூசை மேளம் தொடங்குவதுதான் கணக்கு. மேளம் தொடங்கமுன் வந்தால் வந்தது, தொடங்கினால் முடிந்தது.

என் கணவர் முதல் தரம் வள்ளத்தை நடுத்தீவில் கொண்டுபோய் ஏற்றினார். இரண்டாம் தரம் காற்று விழுந்து, மேளம் அடித்து முடிந்த பிறகும் நடுவாவியில் நின்றார். மூன்றாவது தரம் வர இருந்தது. அந்த நேரம் பார்த்து, அவரோடு வள்ளம் விடுகிற சக கிளாக்கரை நாவலப்பிட்டிக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பேர் இல்லாத வள்ளம் ஓட்டத்தில் சேராது.

செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, இடியப்பத்தைப் பிட்டுக்கொண்டே சொன்னார்:

"இஞ்சேரும், நாளைக்கு நீர் ஒருக்கா வாருமன்."

"எங்கை?"

"வள்ளத்துக்கு. நீர் ஒண்டும் செய்யத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும்."

"பிள்ளை?"

"மச்சாள் பாத்துக்கொள்ளுவா."

அவருடைய தமக்கையைத்தான் சொன்னார். எனக்குத்தான் அவர் மச்சாள். ஊரில் பள்ளிக்கூடம் விடுமுறையென்று எங்களோடு வந்து நின்றார். ஆசிரியை. எதையும் உரத்துச் சொல்லிப் பழகியவர். பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம். நான் அவனை விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனாலே திரும்பித் திரும்பிப் பார்க்கிறவள். போர்டிங் பள்ளியில் எங்களுக்குத் தையலும் ஆங்கிலமும் கடமையும் படிப்பித்தார்கள். கணவர் கேட்டால் வரமாட்டேன் என்று சொல்வதா, பிள்ளையை விட்டுப் போவதா, இதில் எது கடமை என்று படிப்பிக்கவில்லை.

"ஓம், வாறன்," என்றேன். சொன்னவுடனேயே, சொன்னது பிழையோ என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

மறுநாள் பின்னேரம் பிள்ளைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்தேன். கொடுத்து முடிந்த பிறகு இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். மச்சாளுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னேன். காது மூடித் தொப்பி போடவேண்டும், வெயில் படக்கூடாது, நிழலும் கூடாது, குளிர்ந்துவிடும், அழுதால் ஆறின சுடுதண்ணீர் ஒரு கரண்டி. கடைசியாக ஒன்றும் சேர்த்துச் சொன்னேன்: அவனைக் கரையோரமாகத் தூக்கிக்கொண்டு வந்தால், வள்ளத்திலிருந்து நான் பார்த்துக்கொள்ளலாம், மனம் ஆறுதலாக இருக்கும்.

"நீ அவனைப் பாத்தால் உனக்கு ஆறுதல்," என்றார் மச்சாள். "அவன் உன்னைப் பாத்தால்?"

அது சரியான கேள்வி என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் கொண்டுவரச் சொன்னேன்.

வள்ளக் கொட்டிலுக்கு முன்னால் நாலு வள்ளங்களும் பாய் கட்டி நின்றன. இரண்டில் துரைமார். மூன்றாவதில் அக்குறணைப் பக்கத்து வக்கீல், புரொக்டர் ஒருவரும் அவருடைய மச்சினனும். புரொக்டர் நல்ல பருத்த மனிதர், பேச்சு நிற்காது. கோட்டில் வழக்குப் பேசிக் களைத்துப்போய் வாவிக்கு வந்து மிச்சத்தைப் பேசுவார் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். நான் சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு அவர் கூப்பிட்டார்:

"ஐசே, இன்டைக்குச் சுக்கான் ஆருக்கிட்ட? ஊட்டுல மாதிரித் தங்கச்சிக்கிட்டயா?"

"உம்மடை பாயைப் பாரும் ஐசே," என்றார் என் கணவர். காது சிவந்துவிட்டது.

வள்ளத்தில் ஏறியதும் எனக்கு ஒரு பாடம் நடந்தது. காற்றுக் குறைந்த நாளில் பாய் தொய்ந்து தொங்கும். ஆகவே காற்றுப் போகிற பக்கமாக நாங்கள் இருவரும் இருக்கவேண்டும். வள்ளம் கொஞ்சம் சரியும். பாய் தன் பாரத்திலேயே வளைந்து நிற்கும். வருகிற சின்னக் காற்றும் அதில் தங்கும். எழும்பக்கூடாது, திரும்பக்கூடாது, காலை நீட்டி மடக்கக்கூடாது.

"மூச்சு விடலாமோ?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "மெதுவா," என்றார்.

நடுவர் துரை கைமணியை அடித்தார். ஓட்டம் தொடங்கியது என்று அதனால்தான் தெரிந்தது. வள்ளங்களைப் பார்த்துச் சொல்லமுடியாது. பாதை சுலபமானது. நடுத்தீவைச் சுற்றி, கிழக்குக் கோடியில் சிவப்புக் கொடி கட்டிய மிதவைப் பீப்பாவையும் சுற்றித் திரும்பி, கொட்டிலுக்கு முன்னால் நட்ட இரண்டு கம்புகளுக்கு நடுவால் வந்தால் முடிந்தது. போகும்போது கொஞ்சம் காற்று இருந்தது. துரைமாருடைய இரண்டு வள்ளங்களும் அதைப் பிடித்துக்கொண்டு முன்னே போய், எங்களுக்கு எதிரே திரும்பி வந்து, தொப்பியை உயர்த்தி வணக்கம் சொல்லிவிட்டுப் போயின. நாங்களும் புரொக்டரும் பீப்பாவைச் சுற்றிக்கொண்டு திரும்பினோம். தீவுக்குப் பக்கத்தில் வந்தபோது, யாரோ கதவைச் சாத்தியதுபோலக் காற்று நின்றது.

தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. மலையில் இருந்த வீடுகள் தலைகீழாக அதில் நின்றன. எங்கள் வள்ளத்துக்கும் புரொக்டருடைய வள்ளத்துக்கும் இடையில் ஒரு நீர்க்காகம் முங்கி, ஆறுதலாக எழும்பி, எங்களை ஒரு பார்வை பார்த்தது.

"ஐசே," என்று புரொக்டர் கூப்பிட்டார், "இப்ப முன்னுக்குப் போறது அந்தக் காகம்தான்."

என் கணவர் காகத்தைப் பார்க்கவில்லை. பாயின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்புகள் கண்ணுக்குத் தெரிந்தன. உரத்துக் கூப்பிட்டால் கேட்கிற தூரம். பின்னேர வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. மாளிகைப் பக்கத்தில் பூக்கடைகளுக்கு முன்னால் வெள்ளை உடுத்தவர்கள் கூடத் தொடங்கிவிட்டார்கள். அவர் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கச்சேரியிலிருந்து வருகிற முகம் எனக்குத் தெரியும்; கழுவினாலும் போகாத ஒரு சலிப்பு அதில் இருக்கும். இங்கே அது இல்லை. பயந்துகொண்டிருந்தார், ஆனால் முழு மனிதராக இருந்து பயந்துகொண்டிருந்தார். இந்த வள்ளம் போனால் இந்த முகமும் போய்விடும் என்று எனக்குப் பட்டது. அதனால் இன்னும் அசையாமல் இருந்தேன்.

அப்போதுதான் கரையில் குடை தெரிந்தது.

மச்சாள் வாவிக்கரை மதிலோடு வந்து நின்றார். ஒரு கையில் குடை, மறு கையில் பிள்ளை. தொப்பி காதை மூடியிருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். மூடியிருந்தது. மனம் ஆறியது. அந்த ஆறுதல் அவ்வளவுதான்.

"இஞ்சை பார் குஞ்சு," என்று வாவி முழுவதும் கேட்க மச்சாள் பிள்ளைக்குக் காட்டினார், "அங்கை பார், கொம்மா கடலுக்கை நிக்கிறா!"

அவன் பார்த்தான். அல்லது என் மணமோ என்னவோ தண்ணீருக்கு மேலால் அவனுக்குப் போனது. முதலில் ஒரு சிணுங்கல். பிறகு வாயைத் திறந்தான். காற்றே இல்லாத வாவியில் சத்தத்துக்கு ஒரு தடையுமில்லை; அங்கே அழுதது என் மடியில் அழுதது போலக் கேட்டது.

"எடியே," என்று மச்சாள் கத்தினார், "உன்ரை பிள்ளை ஊரைக் கூட்டுறான்! சுடுதண்ணியைத் துப்பிப்போட்டான்! என்ன செய்யிறது?"

எனக்கு மார்பு கனத்துவிட்டது. எழும்பக்கூடாது. திரும்பக்கூடாது. என் கணவர் மெல்லக் குனிந்து, வள்ளத்தின் அடியில் கிடந்த துடுப்பில் கையை வைத்தார். துடுப்பைத் தண்ணீரில் வைத்தால் ஓட்டம் முடிந்தது. வள்ளமும் முடிந்தது.

"வலிச்சுக்கொண்டு போவமோ?" என்று கேட்டார். என்னைப் பார்க்கவில்லை.

அவர் கேட்காமல் இருந்திருந்தால் நானே கேட்டிருப்பேன். கேட்டுவிட்டபடியால் ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. பிள்ளை பசியால் அழுகிறானா, என்னைக் கண்டதால் அழுகிறானா? பசியென்றால் போகவேண்டும். கண்டதென்றால் கொஞ்சம் பொறுக்கலாம். ஆனால் கண்டதால் அழுது களைத்து, அதனால் பசித்தால்?

"அடுத்த தரம் அழட்டும், போவம்," என்றேன். அது என்ன பதில் என்று எனக்கே விளங்கவில்லை. அவன் அழுகையை நிறுத்தினால்தானே அடுத்த தரம்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். நான் கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை இரண்டையும் நெஞ்சோடு அணைத்திருந்தேனாம். வாய்க்குள்ளே ஆராரோ என்று ஏதோ ஓராட்டிக்கொண்டிருந்தேனாம். அதோடு, இடப்பக்கமும் வலப்பக்கமுமாக, பிள்ளை தோளில் கிடந்தால் ஆடுகிறதுபோல ஆடிக்கொண்டிருந்தேனாம்.

நான் ஆட, வள்ளம் ஆடியது. வள்ளம் ஆட, பாய்மரம் ஆடியது. மேலே பாய் ஒரு பெரிய விசிறிபோல அங்குமிங்கும் வீசியது. நாங்கள் நகர்ந்தோம்.

"காத்து!" என்று என் கணவர் மூச்சோடு மூச்சாகச் சொன்னார். "வந்திட்டுது! அசையாதையும்!"

அவருக்குப் பாயைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. சுக்கானைக் கம்புகளுக்கு நேரே பிடித்துக்கொண்டு, சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார். வள்ளத்தின் முன்னணியத்தில் தண்ணீர் மெல்ல முணுமுணுத்தது. புரொக்டர் பின்னால் நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஐசே! உங்களுக்கு மட்டும் எங்கால காத்து வருது?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. பிறகு பெரிய சிரிப்பு. "அட, தங்கச்சி தாலாட்டுறா! வள்ளத்தைத் தாலாட்டுறா!" சிரிப்போடு சிரிப்பாகக் கைலேஞ்சியை எடுத்துப் பாய்க்கயிற்றில் கட்டினார். அந்தச் சங்கத்தில் ஓட்டத்தின் நடுவே துணி கட்டினால் அது முறைப்பாடு. பகிடிக்குக் கட்டினாலும் முறைப்பாடுதான்.

கம்புகளுக்கு நடுவால் போனோம். வள்ளத்தின் பின்பக்கமும் போய் முடிந்து, நான் கரையில் காலை வைத்தபோது மாளிகையில் மேளம் தொடங்கியது.

என் கணவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். நான் அவரைப் பார்க்க நிற்கவில்லை. மச்சாள் ஓட்டமும் நடையுமாக வந்து சேர, பிள்ளையை வாங்கிக்கொண்டு கொட்டிலுக்குள் போய், பாய்கள் மடித்து வைக்கிற அறைக்குள் புகுந்து, கதவைச் சாத்தினேன். மச்சாள் குடையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வெளியே காவல் நின்றார். உள்ளே ஈரக் கயிற்று மணம். ஒரு பாய்க்கட்டின் மேல் இருந்துகொண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். பசிதான். பசியேதான். இவ்வளவு நேரம் பொறுத்தது பிழை என்று நினைத்தேன். வந்து சேராமல் விட்டிருந்தால் அதுவும் பிழை என்று நினைத்தேன்.

வெளியே விசாரணை தொடங்கிவிட்டது. பலகைக் கதவு, எல்லாம் கேட்டது. நடுவர் துரை ஆங்கிலத்தில் விதியைச் சொன்னார்: காற்றைத் தவிர வேறெதனாலும் வள்ளத்தை நகர்த்தக்கூடாது. துடுப்புக் கூடாது, கையால் அளையக்கூடாது, ஆட்டவும் கூடாது. பிறகு கதவுக்குக் கிட்ட வந்து, தொண்டையைச் செருமி, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: அம்மையார் வள்ளத்தை ஆட்டினாரா?

"இல்லை," என்றேன் உள்ளேயிருந்து. "பிள்ளையைத்தான் ஆட்டினேன்."

"பிள்ளை எங்கே இருந்தது?"

"கரையில்."

பிறகு யாரோ இருமினார்கள். இருமல் அல்ல என்று தெரிந்தது.

மச்சாளுக்கும் ஆங்கிலம் நன்றாக வரும். கேளாமலே சாட்சி சொன்னார்: பிள்ளை பிறந்த நாளிலிருந்து இவள் இப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் பாட எழும்பினாலும் ஆடுவாள், கையில் பிள்ளை இல்லாவிட்டாலும் ஆடுவாள், முன்வரிசையில் நின்றால் பின்வரிசைக்காரருக்குத் தலை சுற்றும். இது எனக்குப் புதிய செய்தி. இருட்டுக்குள் இருந்ததால் நல்லதாகப் போயிற்று.

"நீங்கள் ஆடுவதால்தான் வள்ளம் நகர்கிறது என்று எப்போது தெரிந்தது?" என்று துரை கேட்டார்.

யோசித்தேன். "புரொக்டர் சிரித்தபோது."

"அதற்குப் பிறகு நிறுத்தினீர்களா?"

நிறுத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். என் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது கதவுக்கு இந்தப் பக்கத்திலும் தெரிந்தது. அவருக்காகச் சொல்வதா, உள்ளதைச் சொல்வதா என்று ஒரு நிமிடம் மனம் அல்லாடியது. ஆனால் பொய் சொன்னால் அதை நான் இரவு முழுவதும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

"இல்லை," என்றேன். "பிள்ளை நிறுத்தவில்லை."

"நல்லது," என்றார் துரை. கவலையோடுதான் சொன்னார். இந்த வள்ளத்தின் ஓட்டம் செல்லாது. இதற்கு இடமும் கிடையாது, புள்ளியும் கிடையாது.

"காத்தும் கொஞ்சம் இருந்தது," என்றார் என் கணவர், மெல்லிய குரலில், தமிழில். இன்றைக்கும் அதைத்தான் சொல்லுகிறார்.

அப்போது புரொக்டரின் குரல் கேட்டது. துடுப்பு வலித்துக் கரைக்கு வந்திருந்தார். முறைப்பாட்டைக் கட்டியவர் அவர். அது இப்படி முடியும் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது. கோட்டில் எழும்பி நிற்கிற தோரணையில், ஆங்கிலத்தில் தொடங்கினார். ஓட்டம் செல்லாது, அதற்கு மறுப்பில்லை. ஆனால் வள்ளத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டியது எப்போது? மூன்று தரம் எல்லைக்கு வந்து சேராவிட்டால். ஒழுங்காக வந்து சேரவேண்டும் என்று அந்த விதியில் இருக்கிறதா? இல்லை. மேளத்துக்கு முன் இந்த வள்ளம் இரண்டு கம்புகளுக்கும் நடுவால் வந்ததை எல்லாரும் கண்டார்கள். எப்படி வந்தது என்பது வேறு வழக்கு. அந்த வழக்கில் தண்டனையும் கொடுத்தாயிற்று. ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனை எந்த ஊர்ச் சட்டம்?

துரை விதிப்புத்தகத்தின் தாள்களைப் புரட்டுவது கேட்டது. பிறகு, அப்படித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது என்றார். வள்ளம் இருக்கலாம். ஆனால் ஒன்று: அம்மையார் இனிமேல் வருவதானால் பிள்ளை கேட்காத தூரத்தில் இருக்கவேண்டும்.

"அப்பிடியெண்டால் ரயிலேறிக் கம்பளைக்குத்தான் கொண்டுபோக வேணும்," என்றார் மச்சாள்.

காலடி கதவுக்குக் கிட்ட ஓடி வந்தது.

"இஞ்சேரும்! கேட்டதே? வள்ளம் எங்களுக்குத்தான்! வள்ளம் போகேல்லை!"

நான் குனிந்து பார்த்தேன். பிள்ளையின் வாய் அப்போதுதான் நழுவியிருந்தது. கண் முழுதாக மூடவில்லை. ஒரு சொல் சொன்னாலும் திறந்துவிடும்.

"இஞ்சேரும்? அடுத்த புதன் வருவீர்தானே?"

நான் பேசவில்லை.

"ஐசே, தங்கச்சிக்குக் கோவம் போல," என்று புரொக்டர் தாழ்ந்த குரலில் சொன்னார். "பாயைப் பாக்காம ஊட்டுக்காரியப் பாத்திருக்கணும்."

"கோவமோ?" என்று என் கணவர் கதவோடு வாயை வைத்துக் கேட்டார். "நான் துடுப்பை எடுக்கத்தானே இருந்தனான்? நீர்தானே அடுத்த தரம் எண்டனீர்?"

சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் உடம்பு குலுங்கும். ஆகவே உதட்டைக் கடித்துக்கொண்டு, அந்தப் பாய்க்கட்டின் மேல், அன்றைக்கு முதன்முறையாகக் கொஞ்சமும் அசையாமல் இருந்தேன். அவர் வெளியே நின்று பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். பிள்ளை நன்றாக நித்திரையாகட்டும், பிறகு சொல்லுவோம் என்று நினைத்துக்கொண்டேன்.